கிரயப் பத்திரத்தில் எழுதாத ஊர்

பாங்கியைத் தாண்டியதும் ரயில் ஜன்னலுக்கு வெளியே செம்பனை தொடங்குகிறது. நீலாய் வந்ததும் அது சட்டென்று நின்றுபோய், ஆலைக் கூரைகளும் கல்லூரிக் கட்டடங்களும் ஒரே அச்சில் வார்த்த மாடி வீடுகளும் வரிசை கட்டுகின்றன. லாபுவில் மறுபடி செம்பனை. அதற்கும் அப்பால் ஒரு குன்றை உச்சியிலிருந்து அடிவரை வெட்டி விட்டிருக்கிறார்கள். மழையில் செம்மண் வழிந்து தண்டவாளத்து ஓரம்வரை வந்திருக்கிறது. அடிவாரத்தில், இன்னும் கட்டி முடிக்காத வீடுகளுக்கு இப்போதே பெரிய விளம்பரப் பலகை. கோலாலம்பூரிலிருந்து சிரம்பான் போகும் இந்தப் பாதையின் இருபுறமும் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலும் ரப்பர்தான். அந்த மரங்களைச் சீவியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள்.

தொழில்மேல் அரசு வைத்திருக்கும் பிடி தளர்ந்தால் என்ன ஆகும் என்ற பேச்சை எங்கள் தமிழ்நாட்டில் 1991-ஐ வைத்தே தொடங்குவோம். அந்த ஆண்டு ஜூலை 24-ல் வந்த புதிய தொழிற்கொள்கை, 18 தொழில்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றது. இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி ஆலை வந்து, 2014-ல் மூடவும் பட்டது. பேச்சு பெரும்பாலும் ஆலை வாசலோடு நின்றுவிடும். 2024-ல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் கம்பெனி வேலையை நிறுத்தியபோதுதான், ஒரு தொழில் போனால் வீடும் பள்ளியும் கோயிலும் அதோடு சேர்ந்து போகக்கூடும் என்பது சமவெளியில் இருப்பவர்களுக்கு உறைத்தது. அதே அனுபவத்தை முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே பட்டுத் தீர்த்தவர்கள் மலேசியாவில் இருக்கிறார்கள். நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த சிலரைப் பார்த்துப் பேசலாம் என்றுதான் ராசாவுக்குப் போனேன்.

ராசா, சிரம்பான் டவுனை ஒட்டிய ஊர். இப்போது டவுன் எங்கே முடிகிறது, ராசா எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை இருக்கும் சாலைக்கு ராசா சாலை என்றே பெயர். அதன் வழியே மேலே போனால் மம்பாவ், அப்புறம் போர்ட்டிக்சன் கடற்கரை. ராசா என்ற பெயரில் நாடாளுமன்றத் தொகுதியும் உண்டு.

தமிழர் வந்து சேர்வதற்கு முன் இந்த வட்டாரத்துச் செல்வம் ஈயம். சீனத் தொழிலாளர்கள் தோண்டிய ஈயம் லிங்கி ஆற்றில் படகேறி மலாக்காவுக்குப் போகும். ஆற்றங்கரைத் தலைவர்கள் வழியில் தடுப்பு போட்டுச் சுங்கம் வாங்கினார்கள். வணிகர்கள் ஆங்கிலேய ஆளுநரிடம் முறையிட்டார்கள். 1874-ல் ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க், அப்போது சுங்கை ஊஜோங் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியின் தலைவரோடு உடன்படிக்கை செய்து ஆற்றுப் போக்குவரத்தைத் திறந்துவிட்டார். எதிர்த்த தரப்பை அடக்க அந்த ஆண்டே படையும் வந்தது. வணிகர் கேட்டது சுங்கம் நீங்க வேண்டும் என்பது. சுங்கத்தோடு ஆட்சியே கைமாறிவிட்டது. கட்டுப்பாடு ஒன்றை நீக்கினால் அது இருந்த நாற்காலி காலியாக இருப்பதில்லை. அடுத்து அதில் வந்து உட்காருவது யார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ராசாவில் நான் கேட்ட கதைகள் ஒவ்வொன்றும் என்னை இந்த எண்ணத்துக்கே கொண்டுவந்து விட்டன.

மருத்துவமனைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஒட்டுக்கடையில் அந்த அக்காவைச் சந்தித்தேன். நண்பர் மூலம் முன்பே சொல்லி வைத்திருந்தது. அறுபத்தைந்தைத் தாண்டியவர். நான் உட்காருவதற்குள், "பசியாறிட்டீங்களா தம்பி?" என்று கேட்டு, எனக்கும் சேர்த்து ரொட்டி சானாயும் தே தாரேக்கும் சொல்லிவிட்டார்.

பதினாறு வயதில் பால் மரம் வெட்டப் போனவர். ரப்பர் எப்படிச் சீவுவீர்கள் என்று கேட்டேன். மேசைமேல் கிடந்த தேக்கரண்டியை எடுத்தார். மணிக்கட்டை உள்ளே மடக்கி, இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சரித்து, சின்னச் சின்ன இழுப்பாக இழுத்துக் காட்டினார். விரல்கள் அசையவில்லை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே வீச்சு. "பட்டையில மெல்லிசா ஒரு சுருள் வரணும். கொஞ்சம் ஆழமாப் போயி கட்டை தெரிஞ்சிச்சினா மரத்துக்குக் காயம். தண்டல் பின்னாடியே வந்து காயத்தை எண்ணி எழுதிக்குவாரு. ஆழம் பத்தலைன்னா பால் வராது, எடையில அடிபடும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு மயிரிழைதான் தம்பி நம்ம சம்பளம்."

காலை ஐந்து மணிக்குப் பெரட்டு. கணக்குப்பிள்ளையான கிராணி பேர் கூப்பிடுவார். விடியும்போது நெரையில் நிற்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடித்தால்தான் பால் நன்றாக ஓடும். பிறகு மங்குகளைச் சுற்றி வந்து பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலியும் இல்லை.

"அந்த வாழ்க்கை மறுபடி வேணும்னு நான் சொல்லல," என்றார். "லயத்துல கூரை ஒழுகும். கக்கூஸ் நாலு வீட்டுக்கு ஒன்னு. சாயங்காலமானா பாதி ஆம்பளைங்க கள்ளுக்கடையில. ஆனா பிள்ளைய ஆயாக் கொட்டாயில விட்டுட்டு வேலைக்குப் போவேன். காச்சல்னா தோட்டத்து டிரெஸ்ஸர்கிட்ட மருந்து. வீட்டுக்கு வாடகை கிடையாது. பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். இது எல்லாம் சும்மா குடுத்தாங்கன்னு அப்ப நெனச்சிருந்தோம்."

சும்மா கொடுக்கவில்லை. சட்டம் கொடுக்க வைத்தது. 1923-ன் தொழிலாளர் விதித்தொகுப்பு, பிள்ளைகள் போதிய அளவில் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. எத்தனையோ தமிழ்ப் பள்ளிகள் அப்படித்தான் பிறந்தன. சுதந்திரத்துக்குப் பின் 1966-ல் தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. அதை விரித்து 1990-ல் இன்னொரு சட்டம் வந்தது. வீடு, தண்ணீர், குழந்தைக் காப்பகம், வைத்தியம் எல்லாம் முதலாளியின் கடமை என்றும், லேபர் ஆபீசிலிருந்து அதிகாரி வந்து பார்க்கலாம் என்றும் அவை எழுதி வைத்தன. ரப்பர் எவ்வளவு எடுக்கலாம் என்பதையே ஒரு காலத்தில் அரசு வகுத்தது: விலை விழாமல் இருக்க 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டம் உற்பத்திக்கு அளவு வைத்தது.

கட்டுப்பாடு என்றாலே தொழிலாளிக்கு நல்லது என்று நான் நினைக்கவில்லை. கூலிக்கு அளவு வைத்ததும் அரசுதான். 1920-களின் கடைசியில் நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயித்த அதே அரசு, ரப்பர் விலை சரிந்த 1930-ல் அதை வெட்டியது. சுதந்திரத்துக்குப் பின் 1968-ன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றது. சிவப்பு அடையாள அட்டையோடு அதே மண்ணில் தலைமுறையாக உழைத்தவர்கள் பல்லாயிரம் பேர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்ப நேர்ந்தது. அக்காவின் தாய்மாமன் அப்படிப் போனவர். பிறகு கடிதம் கூட வரவில்லையாம்.

இந்தச் சட்டங்களைப் படித்தபோது என் கண்ணில் பட்டது ஒன்று. எல்லாமே வேலை கொடுப்பவனைப் பிடித்து நிறுத்துகின்றன. அவனே நிலத்துக்கும் சொந்தக்காரன் என்பதையும், ஒருநாள் அவன் வேலை கொடுப்பவனாக இருப்பதை நிறுத்திவிட்டு நிலக்காரனாக மட்டும் நிற்கலாம் என்பதையும் அவை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. வீடு வேலையின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தது. வேலை போன அன்று சட்டப்படி அந்த வீட்டில் இருக்கும் உரிமையும் போயிற்று.

அக்காவின் தோட்டம் 1990-களின் தொடக்கத்தில் கைமாறியது. "கிராணிதான் பெரட்டுல சொன்னாரு. தோட்டத்தை வித்தாச்சு, இன்னும் மூனு மாசம் வேலை இருக்கு, அப்புறம் கணக்கு முடிச்சுக் குடுப்பாங்கன்னு. ஒருத்தரும் பேசல. எல்லாரும் வேலைக்குப் போயிட்டோம். வேற என்ன செய்யறது, பால் நிக்குமா?"

கணக்கு முடிப்பதற்கு ஒரு விதி இருக்கிறது. வேலை நீக்க ஈட்டுத்தொகைக்கான 1980-ன் விதிகள்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஓர் ஆண்டுக்கு 20 நாள் கூலி. இருபது ஆண்டு வெட்டியவருக்கு 400 நாள் கூலி. நாளுக்கு 15 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டால் 6,000 வெள்ளி. அந்தக் காலத்தில் மலிவு விலை வீட்டுக்கு அரசு வைத்திருந்த உச்ச விலை 25,000 வெள்ளி. இருபது ஆண்டு உழைப்பின் ஈட்டுத்தொகை ஒரு மலிவு வீட்டின் கால்பங்கைத்தான் எட்டும். பிள்ளைகளோடு வெளியேறியவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு இந்தக் கணக்கே பதில். புறம்போக்கு ஓரத்துப் பலகை வீடுகள், உறவினர் வீட்டின் பின்கட்டு, மலிவு அடுக்குமாடியில் ஒற்றை அறையில் ஆறு பேர். பட்டணத்து வறுமை என்று பின்னாளில் ஆய்வாளர்கள் எழுதியதில் பெரும்பகுதி தோட்டத்திலிருந்து லோரி ஏற்றி அனுப்பப்பட்டதுதான்.

நிலம் கைமாறுவது இங்கே புதிதல்ல. 1950-களில், சுதந்திரத்துக்குப் பின் என்ன ஆகுமோ என்று பயந்த ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு மறுபடி விற்றார்கள். துண்டு விழுந்த தோட்டத்தில் லயத்தையும் பள்ளியையும் யார் பார்ப்பது? அந்தத் துண்டாடலைப் பொருளாதார அறிஞர் உங்கு அஜீஸ் அப்போதே ஆராய்ந்து எழுதினார். அமைச்சர் வீ. தி. சம்பந்தன் வேறு வழி கண்டார். 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், சிறு தவணைகளில் பங்குப் பணம் கட்டச் சொல்லி, தொழிலாளர் காசிலேயே தோட்டத்தை வாங்கினார். முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சீடிம். அரசு தடுக்காத விற்பனையை, விற்கப்படுகிறவர்களே வாங்குவதன் மூலம் எதிர்கொண்ட அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது. ஆனால் நாட்டில் இருந்த தோட்டங்களின் எண்ணிக்கைக்கு முன் ஒரு சங்கம் எத்தனையைத்தான் வாங்க முடியும்?

அரசும் பிறகு ஒரு கதவு வைத்தது. தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாற வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. காகிதத்தில் அது வலுவான கட்டுப்பாடு. ஆனால் விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக வகை மாற்றுவது மாநில அரசின் அதிகாரம். அதற்குக் கட்டும் பிரீமியம் மாநிலத்துக்கு வருமானம். தொழிலாளர் நலன் கூட்டரசின் பொறுப்பு. லயத்தில் எத்தனை குடும்பம் இருக்கிறது என்று தெரிந்த அலுவலகம் ஒன்று, நிலத்துக்குக் கையெழுத்துப் போடும் அலுவலகம் வேறொன்று. இரண்டுக்கும் நடுவில்தான் ஊர் விழுந்தது. கிரயப் பத்திரத்தில் ஏக்கரும் எல்லையும் இருக்கும், மரத்துக்குக் கூட விலை இருக்கலாம். அந்த மண்ணில் வாழ்ந்த குடும்பங்களைப் பற்றி அதில் ஒரு வரி வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

கம்பெனிகளின் கதை இன்னும் வேகமானது. 1981 செப்டம்பர் 7-ல் மலேசிய அரசு சார்ந்த பெர்மோடாலான் நேஷனல், லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்திலேயே கத்ரி கம்பெனியைக் கைப்பற்றியது. நெகிரி செம்பிலானில் தலைமுறையாக வேர் விட்டிருந்த கம்பெனி அது. தோட்டம் நம் கைக்கு வந்துவிட்டது என்று கொண்டாடினார்கள். 1983-லிருந்து தனியார்மயக் கொள்கை வந்து காற்று மறுபக்கம் திரும்பியது. 2007-ல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாயின. 2017-ல் அந்தப் பெரிய கம்பெனி பிரிந்தபோது தோட்டத் தொழில் ஒரு கம்பெனி, நில மேம்பாடு இன்னொரு கம்பெனி. வீட்டுமனையாக விலைபோகும் நிலம் இனி தோட்டக்காரரின் சொத்தாகவே இருக்க வேண்டியதில்லை. 2024-ல் தோட்டக் கம்பெனி எஸ்டி கத்ரி என்று பழைய பெயரின் பாதியை மறுபடி சூட்டிக்கொண்டது. மேலே இத்தனை மாறும்போதும் கீழே பெரட்டு மணி ஒரே நேரத்துக்குத்தான் அடித்திருக்கும்.

பிற்பகலில் அக்காவின் மகன் காரில் வந்தார். செனவாங் பக்கம் ஒரு மின்னணு ஆலையில் டெக்னீஷியன். "அங்கிள், அம்மா சோகமாவே பேசியிருப்பாங்க. நான் வேற மாதிரி சொல்றேன் கேளுங்க," என்று சிரித்துக்கொண்டே தொடங்கினார். செனவாங் வழியாக சுங்கை காடுட்டில் இருக்கும் துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டை வரை என்னை அழைத்துப் போனார். மோட்டரோலா நடத்திய ஆலை 1999 முதல் ஆன் செமிகண்டக்டர் என்ற பெயரில் இயங்குகிறது. சாம்சுங் குழுமம் இங்கே முன்பு தொலைக்காட்சிக் குழாய்க்குக் கண்ணாடி செய்தது, இப்போது மின்கலம் செய்கிறது.

இந்த ஆலைகள் பெருகியதற்கும் பிடி தளர்ந்ததற்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1975-ன் தொழில் ஒருங்கிணைப்புச் சட்டம், ஆலை தொடங்குகிறவர் உரிமம் வாங்க வேண்டும், பங்கு விகிதத்துக்கு உட்பட வேண்டும் என்று கட்டிப்போட்டது. 1985-ல் ஈயம், செம்பனை எண்ணெய், ரப்பர் எல்லாம் விலை சரிந்து நாட்டின் பொருளாதாரமே சுருங்கியபோது அரசு இறங்கி வந்தது. 25 லட்சம் வெள்ளிக்குக் குறைந்த மூலதனமும் 75-க்குக் குறைந்த ஆட்களும் உள்ள ஆலைக்கு உரிமமே வேண்டாம் என்றானது. 1986-ல் முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம் வந்தது. ஏற்றுமதி செய்யும் வெளிநாட்டுக் கம்பெனி முழுப் பங்கையும் தானே வைத்துக்கொள்ள வழி பிறந்தது. ஜப்பானும் தைவானும் கொரியாவும் வந்தன. தோட்டத்துப் பெண் பிள்ளைகள் விடியற்காலையில் வாளிக்குப் பதிலாகச் சாப்பாட்டுப் பெட்டியோடு கம்பெனி பஸ் ஏறினார்கள். இதைக் குறைத்துச் சொல்ல நான் தயாராக இல்லை. "மழையைப் பாத்து சம்பளம் எண்ண வேண்டியதில்ல அங்கிள். இபிஎஃப் இருக்கு, சொக்சோ இருக்கு, வீட்டு லோன் பேங்க்ல நானே கேட்டேன், கிடைச்சது," என்றார் அவர். தன் பெயரில் வீடு உள்ள முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் அவர்தான். அம்மா அந்த வீட்டில்தான் இருக்கிறார்.

ஆலையில் சங்கம் உண்டா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். கம்பெனிகளுக்கு இவ்வளவு இறங்கி வந்த அரசு, மின்னணுத் தொழிலாளர்களுக்கு நாடு தழுவிய சங்கம் அமைக்க இடம் தரவே இல்லை. 1988-ல் ஆலைக்குள் மட்டும் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்றது. வட்டாரச் சங்கங்களுக்கு இன்னும் இருபது ஆண்டு பிடித்தது. தொழிற்சங்கச் சட்டத்தின் பழைய வேலிகள் 2024 செப்டம்பரில்தான் நீங்கின. முதலாளிக்கு 1986-ல் திறந்த கதவு தொழிலாளிக்குத் திறக்க 38 ஆண்டு ஆகியிருக்கிறது. கட்டுப்பாட்டைத் தளர்த்தினோம் என்று சொல்லும் எந்த அரசிடமும் யாருக்குத் தளர்த்தினீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

தொழிற்பேட்டைச் சாலையில் வேலை முடிந்து நடந்து வந்தவர்களில் நேபாளிகளும் வங்காளதேசத்தவரும் நிறையப் பேர். 1990-களிலிருந்து ஆள் பற்றாக்குறைக்கு அரசு கண்ட வழி வெளிநாட்டுத் தொழிலாளர். பிறகு ஆள் கொண்டுவருவதையே ஏஜெண்டுக் கம்பெனிகளிடம் விட்டார்கள். கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தவன், கூலி குறைந்தாலும் ஊர் திரும்ப முடியாது. தோட்டங்களிலும் இன்று செம்பனைக் குலை அறுப்பது பெரும்பாலும் அவர்கள்தான். 2020 டிசம்பர் 30-ல் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்பு என்ற குற்றச்சாட்டின் பேரில் சைம் டார்பி பிளாண்டேஷனின் செம்பனை எண்ணெயைத் தன் துறைமுகங்களில் நிறுத்தி வைத்தது. கம்பெனி பல மாற்றங்கள் செய்தபின் 2023-ல்தான் அந்தத் தடை விலகியது. உள்ளூர் லேபர் ஆபீசர் வந்து பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வியைக் கடல் கடந்த சுங்க அதிகாரி கேட்டிருக்கிறார். லிங்கி ஆற்றில் சுங்கத் தடுப்பை உடைத்துத் தொடங்கிய கதை ஒரு சுங்க வாசலிலேயே வந்து நின்றிருக்கிறது.

தோட்டம் போன பிறகு அக்கா எங்கே போனார் என்று சொல்லவில்லையே. ஓர் அரசாங்க மருத்துவமனையில் துப்புரவு வேலை. சேர்ந்த சில ஆண்டுகளில், 1997-லிருந்து, நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை, மருத்துவக் கழிவு, கட்டடப் பராமரிப்பு, கருவிப் பராமரிப்பு ஐந்தும் தனியார் கம்பெனிகளிடம் நீண்ட காலக் குத்தகைக்குப் போயின. குத்தகைக்குள் குத்தகையும் வந்தது. "அதே வார்டு, அதே மாப்பு, அதே மஞ்சப் பை. சட்டைக் கலர் மட்டும் மாறும். கலர் மாறுனா நான் புது ஆளு. வருச லீவு மறுபடி முதல்லேருந்து. தோட்டத்துல துரைகிட்ட போயி நிக்கலாம், கேக்கலைன்னா லேபர் ஆபீசுக்கு நடக்கலாம். இங்க சூப்பர்வைசர கேட்டா கம்பெனியக் கேளுங்கறாரு. கம்பெனிய கேட்டா ஆஸ்பத்திரியக் கேளுங்குது. ஆஸ்பத்திரியில, நீ எங்க ஆளு இல்லையேம்மாங்கறாங்க." இதே தொழிலின் சங்கத்தினர் ஐந்து பேர் 2020 ஜூனில் ஈப்போ மருத்துவமனை வாசலில் மறியல் செய்தபோது கைதானார்கள். ஊரடங்கு நாட்களில் உயிரைப் பணயம் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தவர்களின் சங்கம் அது.

அக்காவுக்கு ஏதாவது ஒன்று மிச்சமாகக் கிடைத்ததென்றால் அது 2013. அந்த ஆண்டு ஜனவரியில் குறைந்தபட்ச ஊதியம் நடைமுறைக்கு வந்தது, தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. இப்போது 1,700. ஆலைகள் மூடிவிடும் என்று அப்போது முதலாளிகள் எச்சரித்தது நினைவிருக்கிறது. "ஒரே மாசத்துல சம்பளம் ஏறுனது என் வாழ்க்கையில அப்ப ஒரு தடவைதான்," என்றார் அவர். அது தளர்த்தியதால் வந்ததல்ல, புதிதாகப் பூட்டிய கட்டுப்பாட்டால் வந்தது.

மாலையில் செண்டாயான் பக்கம் போனோம். அகலச் சாலைகள், செயற்கை ஏரி, காவல் வாசல் வைத்த வீடுகள். பெரிய தோட்டங்கள் இருந்த இடம். வடிகால் ஓரத்தில் ஒற்றை ரப்பர் மரம் தப்பி நின்றது. அடிமரத்தில் பழைய வெட்டுத் தழும்பு. பட்டை மறுபடி வளர்ந்து முடிச்சு முடிச்சாகக் கட்டியிருக்கிறது. மகன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல கை இல்ல இது. இத்தனை காயம்," என்றார். அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறார் போலும்.

செனவாங்கில் ஒரு தமிழ்ப் பள்ளியின் பெயரில் இன்னும் 'லாடாங்' (தோட்டம்) இருக்கிறது, சுற்றிலும் தாமான் என்னும் புதுக் குடியிருப்பு வீடுகள். அந்தப் பள்ளி தோட்டத்தை விட்டு மக்கள் இருக்கும் இடத்துக்கு வந்து பிழைத்தது. எல்லாப் பள்ளிகளுக்கும் அந்த யோகம் இல்லை. தனியார் நிலத்தில் நிற்கும் பள்ளி, பகுதி உதவி பெறும் பள்ளிதான். நிலம் விற்றால் பள்ளிக்கு நிலமும் போகும், பிள்ளைகளும் போவார்கள். 1957-ல் நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன, இன்று 530-க்குள். எஞ்சியவற்றைக் காப்பாற்றியவர்கள் பெற்றோரும் தலைமையாசிரியர்களும், மேம்பாட்டாளரிடம் ஐந்து ஏக்கர், ஆறு ஏக்கர் என்று கேட்டு வாங்கியவர்களும். விற்பதற்கு முன் கேட்டவர்களுக்குக் கிடைத்தது. விற்ற பிறகு கேட்டவர்கள் வருஷக்கணக்கில் அலைந்தார்கள்.

கடைசியாக ராசாவில் ஒரு தாமானில் ஓய்வுபெற்ற கிராணி ஒருவர் வீட்டுக்குப் போனோம். எண்பதை நெருங்குகிறவர். அக்காவின் தோட்டத்தில் பேர் கூப்பிட்டவர் இவர்தான், விற்பனைச் செய்தியைச் சொன்னவரும் இவர்தான். தோட்டம் மூடிய அன்று எரிக்கச் சொன்ன கணக்குப் புத்தகங்களில் ஒரு செக்ரோலை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார். நீள வாட்டில் கோடு போட்ட பெரிய புத்தகம். இடப்பக்கம் பெயர்கள், மேலே தேதிகள். வேலைக்கு வந்தால் ஒரு சாய்கோடு, மழையென்றால் வட்டம், பிள்ளைப்பேறு விடுப்புக்குச் சிவப்பு மசி. பெயருக்கு எதிரே லயத்து வீட்டு எண். கம்பெனிக்கு அது கூலிக் கணக்கு. இன்று அந்த ஊரில் யார் இருந்தார்கள் என்பதற்கு இதைத் தவிர ஆதாரம் கிடையாது. கோயில் நிலத்துக்கு மனு எழுதியபோதும், குடியுரிமைக்கு அலைந்த ஒரு மூதாட்டிக்காகவும் இதன் பக்கங்களைத்தான் படியெடுத்துக் கொடுத்தாராம்.

நான் மாஞ்சோலையைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேள்விகள் வரிசையாக வந்தன.

"வித்தாங்களா, குத்தகை முடிஞ்சிச்சா?"

"குத்தகை ஐயா. சிங்கம்பட்டி ஜமீன்கிட்டேர்ந்து 1929-ல 99 வருசத்துக்கு எடுத்தது. 2028 வரைக்கும் இருக்கு. கம்பெனி முன்னாடியே நிறுத்திட்டாங்க. விருப்ப ஓய்வுன்னு எழுதி வாங்கினாங்க."

"வீடு?"

"1951 தோட்டத் தொழிலாளர் சட்டப்படி கம்பெனி குடுத்த வீடு. வேலையோட சேர்ந்தது."

"அங்கயும் அப்படித்தானா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கேஸ் போட்டாங்களா?" என்றார்.

"உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க ஐயா."

"செக்ரோல் யார்கிட்ட இருக்கு?"

தெரியவில்லை என்றேன். "ஊருக்குப் போனதும் முதல்ல அதைக் கேளுங்க தம்பி. ஆபீசைப் பூட்டறதுக்குள்ள யாராவது ஒருத்தர் எடுத்து வெச்சுக்கச் சொல்லுங்க," என்றார்.